குழியைப் பார்க்காமல் அடிப்பது

ஈஜோக்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளைக் குழியில் தள்ளும் பூல் ஆட்ட மேசை இருந்தது. அங்கேதான் என் கணவர் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். அடிக்கும் நொடியில் கண் குழியில்தான் இருக்க வேண்டும் என்பார். பதினோரு வருடம் அப்படியே அடித்தேன்.

அவர் வேறொருத்தியோடு போன பிறகு, வீடியோக்களைப் பார்த்துப் புது முறைக்கு மாறினேன். இதில் குழியை மறந்துவிட வேண்டும். விழ வேண்டிய பந்தை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு, வெள்ளைப் பந்தை அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதம் எல்லோரிடமும் தோற்றேன். பிறகுதான் கண் பழகியது.

கோலா குபு பாருவில் நடந்த போட்டியில் முதல் சுற்றிலேயே அவரோடு ஆட வேண்டி வந்தது. கடைசியில் எனக்குக் கருப்புப் பந்து மட்டும் மிச்சம், அது விழுந்தால் வெற்றி; சுலபமான அடிதான். எதிரே அவர் கைகட்டி நின்றார். நான் குனிந்தேன். அடிக்கும் நொடியில் கண் தானாகக் குழிக்குப் போய்விட்டது. பந்து குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பியது. அவர் வந்து ஆட்டத்தை முடித்தார்.

“நான் சொல்லிக்கொடுத்தத நீ இன்னும் மறக்கல லா,” என்றார் சிரித்துக்கொண்டே.

கை கொடுத்தேன். அவர் சொன்னது பொய்யில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.