தமிழுக்கு அரை மணி

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பது என்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது புத்தகம் இல்லை, கருப்பு பெயிண்ட். வாய்க்கால் கரையைப் பார்த்தபடி இருக்கும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஆளுயரத்துக்கு அடித்தேன். மாடுகளை விற்று நாளாகிவிட்டது, கொட்டகை நல்ல வகுப்பறையாக இருக்கும் என்று தோன்றியது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "சாணி வாசம் இன்னும் போகலியே" என்று மட்டும் சொன்னாள்.

மூத்தது பெண், நாலாம் வகுப்பு. இளையது பையன், மூன்றாம் வகுப்பு. பெண்ணுக்குப் பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் வயிற்றுவலி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வராது. டாக்டர் மூன்று விதமான டானிக் எழுதிக் கொடுத்தார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, வகுப்பில் வாசிக்கச் சொல்லி எழுப்புகிறார்கள், இவள் தடுமாறுகிறாள், மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தால் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்து வராது. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். "அக்காவுக்கு மட்டும் லீவா?" என்று பையன் தரையில் புரண்டு அழுததால் அவனையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

மனைவிக்குக் குத்தாலத்தில் வங்கி வேலை. எதிலும் கறார்.

"வர்ற ஜூன்ல திரும்ப சேர்த்துடணும்" என்றாள். "சேர்க்கும்போது ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவாங்க. வாசிச்சா அஞ்சாவது. இல்லேன்னா மறுபடியும் நாலாவதுதான், தம்பிகூட ஒரே கிளாஸ்ல. அதுக்கப்புறம் அவ தலை நிமிர மாட்டா. பாத்துக்குங்க."

பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவன். திட்டம் போடாமல் ஒரு செங்கல்லைக் கூட நகர்த்த வராது. இணையத்தில் தேடி, பிளாக் ஷெட்யூல் பற்றி ஒரு அம்மாள் பேசும் வீடியோவைக் கண்டுபிடித்தேன். நாளைத் துண்டு துண்டாக நறுக்காமல் பெரிய பெரிய பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தை ஆற அமர நடத்த வேண்டுமாம். அவர் வீட்டில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. யாரும் யாரையும் கிள்ளவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சுவரில் கட்டம் போட்டேன். தலைப்பில்தான் சிக்கல். "பிளாக்குன்னு எழுதாதீங்க, பிளாக் ஆபீஸ் நோட்டீஸ்னு நெனச்சு மனு எடுத்துட்டு வந்துடுவாங்க" என்றாள் மனைவி. யோசித்து யோசித்து, நல்ல தமிழில் 'முறை' என்று பெரிதாக எழுதினேன். கீழே கணக்கு இரண்டு மணி, அறிவு ஒரு மணி, கலை ஒரு மணி, தமிழ் அரை மணி. அறிவு என்றால் அறிவியல், பொது அறிவு, பையன் கேட்கும் கேள்விகள் எல்லாம் சேர்த்து. இங்கிலீஷை டிவி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பாடத்துக்கு ஒரு கலர் சாக்பீஸ்.

தமிழைக் கடைசியில் வைக்கச் சொன்னது பெண்தான். "மத்ததெல்லாம் முடிச்சுட்டு நிம்மதியாப் படிக்கலாம்பா" என்றாள். எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப்போனேன். ஆனால் கடைசிக் கட்டம் வருவதற்குள் தினமும் ஏதாவது வந்து தொலைக்கும். மோட்டாருக்குக் கரண்ட் வரும், நான் ஓட வேண்டும். ஆடு வயலில் இறங்கும், மூவரும் ஓட வேண்டும். மிச்சமிருக்கும் ஐந்து நிமிஷத்தில் நான் பாடத்தை ஒரு தடவை வாசிப்பேன், அவள் அப்படியே திருப்பிச் சொல்வாள், ஒரு எழுத்து பிசகாது. "பொண்ணு தேறிட்டா" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் ஆற்றில் தண்ணீர் குறைந்தது. சம்பா கதிர் பால் பிடிக்கும் நேரம். வாய்க்காலில் முறை வைக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. முறை என்றால் இன்னார் வயலுக்கு இத்தனை மணி நேரம் தண்ணீர், பிறகு அடுத்தவருக்கு. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் இருப்பவர்கள் எடுத்தது போக மிஞ்சினால்தான் அது முடியும் கடைமடைக்கு. நான் கடைமடைக்காரன். இதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சண்டை போட்டவன்.

ஒரு நாள் கலர் சாக்பீஸ் எல்லாம் பனியில் நமுத்துக் கிடந்தது. கட்டங்களை வெள்ளையிலேயே புதிதாக எழுதினேன். படம் வரைவதை முன்னால் போடச் சொல்லி பையன் நச்சரித்ததால் கலையை அறிவுக்கு மேலே ஏற்றினேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் சுவருக்கு முன்னால் ஒரு கூட்டம். முன்னால் நின்றவர் பக்கத்து வயல்காரர், எனக்கு அண்ணன் முறை.

"தம்பி, முறை எழுதறதுன்னா ஊரைக் கூட்டிக் கேட்டுட்டு எழுதணும். நீங்களா எழுதிட்டா எப்படிங்க?"

"அண்ணே, இது அது இல்ல..."

"கணக்குக்கு ரெண்டு மணி. சரி, கணக்குப்பிள்ளை வீட்டு நெலம் தலைமடை, எப்பவும் அவங்களுக்குத்தான் மொதல்ல. கலைக்கு ஒரு மணி. மேலத்தெரு பொண்ணு, பாவம், நான் ஒண்ணும் சொல்லல. அறிவுக்கு ஒரு மணி. அவன் நெலத்தை வித்துட்டுத் திருப்பூர் போயிட்டான், அவனுக்கு எதுக்குத் தண்ணி? அது கெடக்கட்டும். தமிழுக்கு அரை மணி, அதுவும் கடைசியில. யாருங்க அந்தத் தமிழு?"

"வடக்குத் தெருவுல புதுசா குத்தகைக்கு எடுத்திருக்காரே, அவராத்தான் இருக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"புது ஆளுன்னா அரை மணியா? அரை மணியில வரப்பு நனையுமா? கடைமடைன்னா அவ்வளவு எளப்பமாப் போச்சா?"

"நானே கடைமடைதாண்ணே."

"அதான் கேக்கறேன். உங்க பேரையே காணோமே. ராத்திரியில தொறந்து விட்டுக்கலாம்னு பிளானா?"

இது பிள்ளைகளின் பாடம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவர் கூட நம்பவில்லை. பாடத்தை யாராவது மாட்டுக்கொட்டகைச் சுவரில் எழுதுவார்களா, அதுவும் மேலே முறை என்று போட்டு? கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னார்.

"பாடம்னா பாப்பா படிச்சுச் சொல்லட்டும். கொழந்தை பொய் சொல்லாது."

பெண் வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். கணீரென்று சொன்னாள்: "கணக்கு, அறிவு, கலை, தமிழ்."

"ரெண்டாவது கலை, அக்கா" என்றான் தம்பி.

"பாப்பா மாத்திச் சொல்லுதே" என்றார் அண்ணன்.

அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது முணுமுணுப்பேனா என்று. தடுமாறி வாசிப்பவள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு வாசிக்கவே வராது. இத்தனை நாளும் காதால் கேட்டதையும் கலரையும் வைத்தே ஓட்டியிருக்கிறாள்.

"பாப்பா சரியாத்தான் சொல்றா. நான்தான் மாத்தி எழுதிட்டேன்" என்றேன்.

"கேட்டீங்களா, முறையை மாத்தினேன்னு அவரே ஒத்துக்கறாரு" என்று பின்னால் ஒரு குரல் எழுந்தது. அரை மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு, சாயங்காலம் கோயில் பக்கம் கூடிப் பேசுவது என்று தீர்மானித்துக் கலைந்தார்கள். "அந்தத் தமிழையும் கையோட கூட்டிட்டு வாங்க" என்றார் அண்ணன், போகும்போது.

கொட்டகைக்குள் போனால் பெண் தொழுவத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. தம்பி கிளாஸ்ல நான் உக்கார மாட்டேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் தேறிட்டேன்னு சொன்னீங்களே."

பள்ளிக்கூடத்தின் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது. ஊருக்கெல்லாம் கடைமடை நியாயம் பேசுகிறவன், என் வீட்டுச் சுவரில் நானே ஒரு கடைமடை வைத்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் காயப்போட்டிருக்கிறேன். அழுகை வந்தது. பையன் பார்த்துக்கொண்டிருந்ததால் தூசி என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஈரத்துணியால் சுவர் முழுவதையும் துடைத்தேன். நாலு கட்டத்திலும் தமிழ், தமிழ், தமிழ், தமிழ் என்று எழுதினேன். அன்று முழுவதும் அந்த ஒரு சொல்தான் பாடம். மோட்டாருக்குக் கரண்ட் வந்தது, நான் போகவில்லை. ஆடு இறங்கியது, பையன் மட்டும் ஓடினான். அவள் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மினி பஸ்ஸில் வந்து இறங்கிய மனைவியை வழியிலேயே, கோயில் பக்கம் கூடியிருந்த நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். வரும்போதே கேட்டுக்கொண்டு வந்தாள்.

"யாருங்க தமிழு? அவருக்கு நீங்க அநியாயம் பண்ணிட்டீங்களாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள்.

"அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. இது மட்டும் தெரியும்."

மனைவி என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கைப்பையை அப்படியே தரையில் வைத்தாள். பெண் முதல் கட்டத்தில் விரலை வைத்து, "த... மி... ழ்" என்று வாசித்தாள். இரண்டாவதிலும் அப்படியே, எழுத்தை விடாமல். மூன்றாவதிலும். அடுத்த கட்டத்துக்கு விரல் நகர்ந்தபோது மனைவி குனிந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அதுவும் தமிழ்தாண்டி கண்ணு. போதும், வா."

"இரும்மா" என்றாள். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."