மூன்று குருவித் தோரணம்

இது கட்டின கதை இல்லை. கட்டின கதை வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடுங்கள். இது பரமலிங்கத்துக்கு நடந்தது. அவர் பொய்யே சொல்லாத மனுசன் என்று சொல்ல மாட்டேன். காணி வழக்கில் சொல்லியிருக்கிறார், ஊருக்கே தெரியும். ஆனால் இதைச் சொல்லும்போது அவருடைய கை மேசையைப் பிடித்துக்கொள்கிறது. பொய் சொல்கிறவனுக்கு அது தேவையில்லை.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே நாலு பேர் கமராவோடு போவார்கள். சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகிற ஒரு நீரேரிக் கரை, அவ்வளவு போதும்.

பரமலிங்கத்துக்கு ஒரே மகள், ஆரணி. தாய் பராசக்தி செத்துப் பல வருசம். மருமகன் வாகீசன் சுவிஸில் வளர்ந்து, கலியாணம் கட்டி, இங்கேயே இருக்கப்போகிறேன் என்று நின்றவன். வந்தவன் சும்மா இருக்கவில்லை. ஐந்து கயாக் இறக்கினான். கயாக் என்றால் பிளாஸ்டிக்கில் செய்த ஒடுங்கல் படகு. காலை நீட்டி இருந்து துடுப்பால் வலிக்க வேண்டும். இருக்கிறவனின் இடுப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்கள் அதில் ஏறி, உப்புத் தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு நிற்கிற கண்டல் மரங்களுக்குள்ளே நுழைந்து படம் பிடிப்பார்கள்.

கார்த்திகை வெள்ளத்தோடு அந்தத் தண்ணீருக்கு முதலை வந்தது. முதலில் ஒரு ஆட்டைக் காணவில்லை. பிறகு இரண்டு நாய். பிறகு நண்டு பிடிக்கிற பொன்னம்பலம் கண்ணாலேயே கண்டான்.

"மாமா, அது சின்னன். மனுசரைக் கண்டால் விலத்திப் போயிடும்," என்றான் வாகீசன்.

"அது உம்மட்டை வந்து சொன்னதோ?"

"இன்ரநெற்றிலை வாசிச்சனான்."

"முதலை வாசிச்சிருக்காது."

அப்படிக் கதைத்தவர்தான். ஆனால் படகு விடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி மகளையும் மறிக்கவில்லை. அதுமட்டுமல்ல, வழி காட்டத் தோரணம் மடித்துக் கொடுத்ததும் அவரே.

கண்டலுக்குள்ளே வாய்க்கால் பல கிளையாகப் பிரியும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க, திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் தென்னங்குருத்தில் தோரணம் கட்டிவிடுவது ஆரணியின் யோசனை. ஓலையை மடித்துக் குருவி செய்வது பரமலிங்கத்தின் கைவேலை. நல்ல காரியத்துக்கு ஒரு தோரணத்தில் நாலு குருவி, தலை மேலே. செத்த வீட்டுக்கு மூன்று குருவி, தலை கீழே. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் இதில் பிழைவிடாது. பரமலிங்கம் இடக்கைக்காரர். அவருடைய மடிப்பு இடப்பக்கம் விழும். ஊரில் வேறு ஒருவருக்கும் அப்படி விழாது.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. மறுநாள் கனடாக்காரக் குடும்பம் ஒன்று வர இருந்தது. பழைய ஓலை காய்ந்துபோனதால் ஆரணி புதுத் தோரணங்களை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்குத் தனியாகப் போனாள். நாலுக்கு வந்துவிடுவேன் என்றாள்.

ஐந்தாகியும் வரவில்லை.

போன் அடித்துப் பார்த்தார்கள். அணைந்திருந்தது.

வாகீசன் உதவிக்கு ஆள் கேட்டு இரண்டு இடத்துக்குப் பேசினான். வருகிறோம் என்றார்கள். பரமலிங்கத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு எதில்தான் நம்பிக்கை? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருவர் இருக்கிற கயாக்கில் முன்னால் ஏறிக் குந்தினார்.

"மாமா, நீங்கள் வேண்டாம்."

"இருட்ட முந்தி வலியும், தம்பி."

வீட்டு நாய் வீமன் கரையில் பூவரச மரத்தில் கட்டியிருந்தது. அவர்கள் போவதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே நின்றது.

முதல் திருப்பத்தில் தோரணம் இருந்தது. நாலு குருவி. தலை மேலே. ஓலை ஈரமாக, வெள்ளையாக இருந்தது. பரமலிங்கத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இரண்டாவது திருப்பத்திலும் அப்படியே.

மூன்றாவது இடத்தில் வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது. வழமையாகப் போவது வலப்பக்கம். ஆனால் தோரணம் இடப்பக்கத்தில் தொங்கியது.

பரமலிங்கம் கிட்டப் போய்க் கையால் பிடித்துப் பார்த்தார்.

மூன்று குருவி. தலை கீழே.

"இதை ஆர் மடிச்சது?"

"நீங்கள்தானே மாமா எல்லாம் மடிச்சனீங்கள்."

அவர் திருப்பிப் பார்த்தார். மடிப்பு இடப்பக்கம் விழுந்திருந்தது. அவருடைய கைதான். ஆனால் அவர் அதை மடிக்கவில்லை. கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவார்.

"உதுக்குள்ளை போகக் கூடாது," என்றார். சொல்லிவிட்டு ஓலையைக் கையிலிருந்து விட்டார். பிறகு, "பிள்ளை உதுக்குள்ளைதான் போயிருக்கிறாள். வலியும்," என்றார்.

உள்ளே போனார்கள்.

கொக்குகள் அடைகிற நேரம் அது. மற்ற வாய்க்கால்களில் கத்திக்கொண்டு கிடக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. மரத்துக்கு மரம் தோரணம் மட்டும் தொங்கியது. எல்லாம் மூன்று. எல்லாம் தலைகீழ்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்...

குருத்தோலையை நகத்தால் கிழிக்கிற சத்தம். பரமலிங்கம் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். முன்னாலே, வளைவுக்கு அங்கால்.

சர்ர்ர்...

"ஆரணி!" என்று வாகீசன் கூப்பிட்டான்.

சத்தம் நின்றது.

வளைவைத் தாண்டினார்கள். ஒருவரும் இல்லை. புதிதாகக் கட்டின தோரணம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

டொக்.

படகின் அடியில் ஏதோ முட்டியது.

"வேரோ மாமா?"

வேர் முட்டினால் படகு நிற்கும். இது படகை மெல்லத் தூக்கியது. ஒரு சாண். பிறகு இறக்கியது. பிளாஸ்டிக்கில் ஏதோ நீளமாக உரசிக்கொண்டு பின்பக்கம் போவதை அவர் தன் முதுகெலும்பில் உணர்ந்தார்.

"கையைத் தண்ணியிலை வைக்காதையும். ஆடாதையும். சத்தம் போடாமல் வலியும்."

"மாமா, திரும்புவம்..."

"மகளில்லாமல் நான் திரும்பேன். நீர் வேணுமெண்டால் இறங்கி நடவும்."

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வாகீசனின் போன் அடித்தது. திரையில் ஆரணியின் பெயர்.

அவன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"வாகீ... நான் கரைக்கு வந்திட்டன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவளுடைய குரல்தான். பின்னாலே வீமன் குரைப்பது தெளிவாகக் கேட்டது.

"எப்பிடி வந்தனீர்? எங்களைத் தாண்டி எப்பிடி...?"

"திரும்பி வாங்கோ. அங்கை நிக்காதேங்கோ... அப்பா... அங்கை நிக்காதேங்கோ."

லைன் அறுந்தது.

வாகீசன் அழுதுவிட்டான். "கடவுளே" என்றபடி படகைத் திருப்பத் துடுப்பைக் குத்தினான். ஒடுங்கின வாய்க்கால். படகு குறுக்கே இறுகிக்கொண்டது.

"அப்பா..."

இது போனில் இல்லை.

அறுபது அடி தள்ளி, ஒரு கண்டல் மரத்தின் மேலே, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆரணி இருந்தாள். செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட். நனைந்த தலைமயிர். அவளுடைய கயாக் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் ஒரு பக்கம் கடித்துக் கிழித்திருந்தது.

கயாக்குக்குப் பக்கத்தில், சேற்றில், அது கிடந்தது. வாகீசன் சொன்னதுபோலச் சின்னன் இல்லை.

"மாமா," என்றான் வாகீசன். "ஆரணி கரையிலை நிக்கிறாள். இது ஆர்?"

"போனிலை கதைச்சது ஆர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"அவளின்ரை குரல் மாமா. வீமன் குரைச்சது."

"குரலை நம்பி என்ரை பிள்ளையை மரத்திலை விட்டிட்டு வரச் சொல்லுறீரோ? என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கிறாள்."

ஆனாலும் அவர் அவர்தானே. கேட்டார்.

"பிள்ளை, உன்ரை அம்மாவின்ரை பேர் என்ன?"

"இருட்டுது அப்பா. கெதியா வாங்கோ."

"பேரைச் சொல்லு."

"குளிருது அப்பா..."

பேரைச் சொல்லவில்லை. பயந்துபோன பிள்ளை, எப்படிச் சொல்லும்? அப்படித்தான் அவர் நினைத்தார். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறார்.

துடுப்பால் வேரைத் தள்ளிப் படகை இளக்கி, மரத்தடிக்குக் கொண்டுபோய், "இறங்கி வா," என்றார்.

அவள் இறங்கினாள். முதலைக்கு ஒரு முழம் தள்ளிக் காலை வைத்தாள்.

அது பாயவில்லை.

வாய் திறக்கவில்லை.

வாலை இழுத்துக்கொண்டு... விலத்தி... வழி விட்டது.

அவள் படகின் நடுவில் ஏறி இருந்தாள். இருவர் படகில் மூவர். தண்ணீர் விளிம்புக்கு வரும், உள்ளே ஏறும் என்று பரமலிங்கம் மூச்சைப் பிடித்தார்.

படகு தாழவில்லை.

ஒரு விரல்கூட.

திரும்பி வருகிற வழியில் வாகீசன் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வலித்தான். பரமலிங்கம் தோரணங்களைப் பார்த்தார்.

நாலு குருவி.

தலை மேலே.

எல்லாம். அந்த இடப்பக்க வாய்க்கால் முழுக்க. நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு ஆளை அழைக்கிறதுபோல.

கரையில் ஒருவரும் இல்லை. பூவரச மரத்தில் கயிறு மட்டும் தொங்கியது, அறுந்து. வீமன் அன்றைக்குப் போனதுதான். இரண்டு வீடு தள்ளி மரியநாயகி வளவில் கிடக்கிறது. சோறு காட்டிக் கூப்பிட்டாலும் பரமலிங்கத்தின் வாசல் படலைக்குக் கிட்ட வராது.

கேட்டுவந்த ஆட்களுக்கு ஆரணி சொன்னது இவ்வளவுதான். முதலை கயாக்கைக் கவிழ்த்தது. மரத்தில் ஏறினேன். போன் தண்ணீருக்குள்ளே போய்விட்டது. தோரணம்? நான் எல்லாம் வலப்பக்கம்தான் கட்டினேன் என்றாள். பிறகு யாராவது கேட்டால் சிரிப்பாள். முன்பு அப்படிச் சிரிக்கிற பிள்ளை இல்லை.

வாகீசன் கயாக்குகளை விற்றுவிட்டான். அன்றையிலிருந்து முன் அறையில்தான் படுக்கிறான்.

பங்குனியில் தண்ணீர் வற்றியது. பொன்னம்பலம் நண்டுக்குப் போன இடத்தில், அந்த மரத்தடியில், சேற்றிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்தான். படலைக்கு வெளியே நின்று பரமலிங்கத்தைக் கூப்பிட்டான்.

"அண்ணை, உங்கடை சாமான் போலை கிடக்கு."

ஒரு லைஃப் ஜாக்கெட். செம்மஞ்சள். தோள் பக்கம் பல்லால் கிழிந்திருந்தது. வயிற்றுப் பட்டி இறுக்கிப் பூட்டினபடி. கழற்றினவர் ஒருவரும் அதைத் திரும்பப் பூட்டி வைக்க மாட்டார்கள். பையில் ஆரணியின் போன், சேறு நிரம்பி.

முதுகில் வெள்ளைப் பெயின்றில் ஆரணியின் பெயர் எழுதியிருந்தது. வாகீசன் தன் கையால் எழுதினது. கடைசி எழுத்தில் பெயின்ற் வழிந்து ஒரு கோடு இறங்கியிருந்தது.

பரமலிங்கம் வீட்டுக்குள்ளே போனார். கதவுக்குப் பின்னால், ஆரணி அன்றைக்குப் போட்டுவந்த ஜாக்கெட் தொங்கியது.

அதே பெயர். அதே வழிந்த கோடு.

வாகீசன் வாங்கின ஜாக்கெட் எட்டு. இப்போது ஒன்பது இருக்கிறது.

அன்று பின்னேரம் முன் அறையில் வாகீசனின் போன் அடித்தது. திரையில் ஆரணியின் பெயர். அந்தப் போன் சேற்றோடு மேசையில் கிடந்தது. வாகீசன் நீட்டினான். பரமலிங்கம் காதில் வைத்தார்.

"அப்பா... படலை பூட்டியிருக்குது. நெடுக நிக்கிறன். திறவுங்கோ."

அவர் வாயைத் திறக்க முதல், அது தானாகச் சொன்னது.

"அம்மாவின்ரை பேர் பராசக்தி, அப்பா."

குசினி அடுப்படியில் ஓலை கிழிக்கிற சத்தம் கேட்டது.

சர்ர்ர்...

நின்றது.

"ஆரப்பா போனிலை?" என்று ஆரணி உள்ளேயிருந்து கேட்டாள்.

படலைப் பூட்டைத் திறக்கிற திறப்பு அவருடைய மடியில்தான் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.