கடைசி அடியை மாற்றிச் சொன்னவள்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு இங்கிலீஷ் பண்டிதர் நான்தான். வயது ஒன்பது. கவுன்சில் கடிதமோ டொக்டரின் மருந்துத் துண்டோ, எல்லாம் என் கைக்குத்தான் வரும். விளங்காத இடம் வந்தால் தயங்காமல் என் பாட்டுக்கு ஏதாவது அளந்துவிடுவேன். அப்பா தலையை ஆட்டுவார்.

அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா, எங்கள் சின்ன அறையில் இருந்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அவர் இந்த நாட்டை விட்டு நகர ஏலாது. பெற்றோல் ஸ்டேசன் வேலை முடிந்து வந்ததும் கன்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக் கசெட்டைப் போடுவார். யாழ்ப்பாணத்தில் ரேடியோ கேட்டுப் பிடித்த பைத்தியம். பிறந்தநாள் விருந்துகளில் அவர் அந்தப் பாட்டுகளைப் பாட, மாமாமார் மேசையில் தாளம் போடுவார்கள், மாமிமார் கை தட்டுவார்கள். அந்த மூக்குக் குரல் என்ன சொல்கிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவுமில்லை.

அதில் ஒரு பாட்டு அவருக்கு உயிர். ஒருநாள் அதன் கருத்தைக் கேட்டார். நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். தூரத்தில் உழைக்கிற ஒருவன் தாயைப் பார்க்கப் புறப்படுகிறான். வழியில் தடைக்கு மேல் தடை. வந்து சேர்ந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, தாயைப் புதைத்தாகிவிட்டது. ஐயோ, இதற்கா இவ்வளவு நாளும் கை தட்டினோம்? சித்தப்பா ஆவலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி அடியில் தாய் கதவைத் திறந்து மகனுக்குச் சோறு போடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் ஏது சோறு என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில், அப்பாவையும் சித்தப்பாவையும் பெற்றவள் ஊரில் காலமாகிவிட்டாள் என்று போன் வந்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராததால் ஊருக்குப் போக ஏலாத சித்தப்பா அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினார், வாசலில் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்கினார். கல்நெஞ்சன் என்று ஒரு மாமி குசினிக்குள் பாத்திரம் கழுவியபடி முணுமுணுத்தாள். எனக்கும் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

எட்டாம் நாள் படையல் முடிந்து சனம் கலைந்த பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கசெட் ஓடிக்கொண்டிருந்தது.

“பிள்ளை, அந்தக் கடைசி அடியைச் சொல்லு.”

தாய் கதவைத் திறக்கிறாள் என்று இழுத்தேன்.

“அது நீ எனக்காகச் சொன்னது. பாட்டில என்ன கிடக்கு?”

பிடிபட்டுப்போனேன். வீடு பூட்டு, தாய் இல்லை, அவன் பிந்திவிட்டான் என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். சித்தப்பா கட்டிலில் இருந்தபடியே வாய்விட்டு அழுதார். அப்பாகூட அப்படி வாய்விட்டு அழுது நான் கண்டதில்லை. பயந்துபோய்க் கசெட்டை நிறுத்தக் கை நீட்டினேன்.

“விடு, பாடட்டும்,” என்றார்.

என் வாயால்தான் இவ்வளவும் வந்தது என்று நினைத்தேன். சொந்தத் தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரியின் சாவுக்கு ஏன் இப்படி உடைகிறார்? பொய் சொன்னதற்கு அடி விழும் என்று காத்து நின்றேன். அவரோ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நான் ஏதோ பெரிய உதவி செய்ததுபோல என் தலையைத் தடவினார். என்ன உதவி செய்தேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.