இடது பக்கத்துச் சீட்டு

பெரியப்பட்டிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற பள்ளிக்கூட வேனில் சௌந்தரம் ஆயாவாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், வாந்தி எடுத்தால் துடைக்க வேண்டும், தூங்கி விழுந்தால் தலையைத் தாங்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். பதினான்கு பிள்ளைகள், எல்லாம் மூன்று வயசிலிருந்து ஐந்துக்குள். ஒன்று அழுதால் மற்றதெல்லாம் காரணம் கேட்காமல் கூட அழும்.

அவள் பிறந்தது திட்டக்குடிப் பக்கம். எட்டு வயசிலேயே அம்மாவோடு களையெடுக்கப் போனவள். குடையும் தொப்பியும் அந்தக் காட்டில் யாரிடமும் இருந்ததில்லை. தலையில் ஒரு துண்டு, அதுவும் வியர்வை துடைக்க. கல்யாணமாகிப் புதுச்சத்திரம் வந்து, புருஷன் போய்ச் சேர்ந்து, ஒரே மகனைப் படிக்க வைத்து ஆளாக்கி, இன்றைக்கும் அவள் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. யாராவது பிள்ளைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்தால், "வெயிலு படாம வளத்தா புள்ள கீரைத்தண்டாட்டம்தான் வரும்" என்று சிரிப்பாள். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தும் விடுவாள், தொலைந்துபோனால் அம்மாக்காரிக்குப் பதில் சொல்ல முடியாதே என்று.

வேன் மணவாளனுடையது, ஓட்டுவதும் அவன்தான். பழைய வண்டி. ஜன்னலை மூடினால் புழுங்கும், அதனால் எல்லாம் திறந்தே கிடக்கும். அதில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது சௌந்தரத்தின் கையில். அவளுடைய சட்டம் இது: முதலில் ஏறுகிற பிள்ளை கதவை ஒட்டிய இடது பக்கத்து ஜன்னலில் உட்காரணும். கடைசியில் இறங்குகிறதும் அதுதானே, நெடுநேரம் வண்டியில் இருக்கிற பிள்ளைக்குக் காற்று வேண்டும், வாந்தி வராது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். மணவாளன்கூட மாற்றச் சொல்ல மாட்டான்.

இந்த வருஷம் முதலில் ஏறுகிறவள் சிந்துஜா. எல்.கே.ஜி., நாலரை வயசு. அப்பா இளவரசு சிங்கப்பூரில். அம்மா வெண்மதி செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனிக்கு விடிகாலையிலேயே கிளம்பிவிடுவாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, வேன் ஏற்றிவிடுவது அப்பாவின் அக்கா ராசம்மாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. சிந்துஜாவின் கால் தரையில் பட்டாலே ராசம்மாளுக்கு வலிக்கும்.

ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம். அக்கினி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறக்கிவிடும்போது சிந்துஜாவின் கன்னம் சிவந்திருந்ததைச் சௌந்தரம் பார்த்தாள். சூடு என்று நினைத்து விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

வேன் சத்தம் கேட்டு ராசம்மாள் தெருவரைக்கும் வந்து கையை நீட்டி மறித்தாள். "எறங்காத, அங்கியே நில்லு. ஆத்தா வந்துருக்கா."

"ஐயய்யோ. எப்ப இருந்து?"

"சனிக்கெழமைலேந்து. கொப்புளம் கொப்புளமா போட்டுருக்கு. நாளைக்கு மொதத் தண்ணி ஊத்தணும். நீ கெளம்பு, மத்த புள்ளைங்க இருக்கு."

சௌந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேன் கிளம்பியது. அம்மை வந்த வீட்டுக்கு வெளியாள் போகக் கூடாது, அவளும் போக நினைக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வரும்போது சிந்துஜாவின் இடம் காலியாக இருந்தது. நின்று நின்று கால் கடுத்துப்போன சௌந்தரம் அதில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பி.முட்லூர் தாண்டுவதற்குள் இடது கை சுள்ளென்று காய்ந்தது. முந்தானையை இழுத்து மூடினாள். மணவாளன் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஏன் மணவாளா, இந்தப் பக்கம் வெயிலு இப்பிடி அடிக்குதே, காலையில வரும்போதும் இப்பிடித்தானா?"

"ஆமாக்கா. காலையில தெக்க போறோம், கெழக்கு வெயிலு எடது பக்கம். இப்ப வடக்க போறோம், மேற்கு வெயிலு எடது பக்கம். போவும்போதும் எடது, வரும்போதும் எடதுதான். இது பஸ்ஸுல போற எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியலயே. சொல்ல வேண்டியதுதானடா?"

"நீ கேட்டியா? சீட்டு விஷயத்துல வாயத் தொறந்தா நீதான் என்ன அடிக்க வருவியே."

சௌந்தரம் வெள்ளிக்கிழமை சிவந்திருந்தது எந்தக் கன்னம் என்று நினைத்துப் பார்த்தாள். இடது கன்னம்.

எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, மணவாளனை நிற்கச் சொல்லிவிட்டு, அவள் ராசம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். வாசப்படி தாண்டவில்லை. நடுவாசலில் பெரிய அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ராசம்மாள்.

"இது என்னாத்துக்கு அக்கா?"

"நாளைக்கு இதுல தண்ணி ரொப்பி, வேப்பல மஞ்சள் போட்டு, காலையிலேந்து வெயில்ல வச்சு, உச்சிக்கு ஊத்துவேன். இந்த எடத்துலதான் புள்ளைய ஒக்கார வைக்கணும், நல்லா சுள்ளுன்னு படும். நீ ஏன் வந்து நிக்கிற? தீட்டு."

உள்ளேயிருந்து, "ஆயாம்மா!" என்று ஒரு குரல். சிந்துஜா வேப்பிலைக் கொத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இடது கன்னத்தில் கொப்புளம், இடது கழுத்தில் கொஞ்சம், இடது கையில் முழங்கை வரைக்கும் கோத்தது மாதிரி கொப்புளம். வலது பக்கம் துளிகூட இல்லை.

"கண்ணு, அந்தச் சட்டக் கையக் கொஞ்சம் தூக்கு" என்றாள் சௌந்தரம். பிள்ளை தூக்கியது. சட்டை மறைத்த இடம் வெறுந்தோலாக இருந்தது. கோடு போட்டு நிறுத்தினாற்போல.

"அக்கா, கோச்சிக்காத. ஆத்தா வந்தா ஒரு பக்கமா வருவாளா? சட்டைக்குப் பயந்துகிட்டு நிப்பாளா?"

"வாயக் கழுவு!" ராசம்மாள் சாம்பல் கையோடு எழுந்தாள். "நாலு எழுத்துப் படிச்ச புள்ளைங்கள வேன்ல ஏத்தி எறக்குனா நீயும் டாக்டரு ஆயிடுவியா? எங்க குடும்பத்துல எத்தன பேருக்கு நான் தண்ணி ஊத்திருக்கேன். எனக்குச் சொல்றா."

"ஊத்து, நான் வேணான்னு சொல்லல. வெயில்ல ஒக்கார வைக்காத. இது வெயிலு போட்ட கொப்புளம்."

"வெயிலா? போன வாரம் வரைக்கும் நீதானடி சொன்ன, வெயிலு பட்டாத்தான் புள்ள தெடமா இருக்கும்னு."

அது உண்மை. அந்த நேரம் பார்த்து வெண்மதி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிப் பையோடு வந்தாள். மகளையும் இரண்டு பொம்பளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா சண்ட?"

சௌந்தரம் ஒரு நிமிஷம் தயங்கினாள். சொன்னால் விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போகும், வேலை போனாலும் போகும். சொல்லாவிட்டால் நாளை உச்சிக்கு இந்தப் பிள்ளை இந்த இடத்தில் உட்காரும்.

"எம்மேலதான் தப்பு, வெண்மதி. தெனம் போவ முக்கா மணி நேரம், வர முக்கா மணி நேரம், ஒரே பக்கத்து வெயில்ல இவள ஒக்கார வச்சது நான். காத்து வரும்னு வச்சேன். நீ குடுத்தனுப்புன தொப்பியக் கழட்டிப் பைக்குள்ள வச்சதும் நான்தான்."

இதைக் கேட்டதும் ராசம்மாளுக்கு வந்தது பாருங்கள் கோபம், அதுவரைக்கும் வந்ததெல்லாம் கோபமே இல்லை. "அடிப்பாவி! எம் புள்ளைய வாட்டி எடுத்துட்டியே! உன்ன நம்பித்தானே ஏத்தி வுட்டேன்" என்று கத்தினாள். திட்டத் திட்டச் சௌந்தரத்துக்கு மனசு லேசானது. நம்பிவிட்டாள், அதனால்தான் திட்டுகிறாள்.

அம்மை வீட்டுப் பிள்ளையை வாசல் தாண்ட விடக் கூடாது என்று ராசம்மாள் மறுபடியும் ஒரு தரம் ஆரம்பித்தாள். வெண்மதி காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று பிள்ளையைப் புடவையில் போர்த்தித் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். பின்னாலேயே ராசம்மாளும் ஏறினாள். "எவ கையிலயும் தனியா வுட மாட்டேன்" என்றாள். யாரும் அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் பெயர் இலக்கியா. சின்ன வயசுப் பெண். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொப்புளத்தை அழுத்தாமல் சுற்றித் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவரும் பார்த்துவிட்டு, "அம்மை இல்லம்மா" என்றார். பிறகு கேட்டார். "தோலுக்கு என்ன தடவுனீங்க?"

"நான் ஒண்ணும் தடவலயே" என்றாள் வெண்மதி.

ராசம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"அத்தை எலுமிச்சம்பழம் தேய்க்கும்" என்றது சிந்துஜா. "எரியும்."

பிறகு ராசம்மாளே சொன்னாள். ஆவணியில் காதுகுத்து. அப்பன் வருவான், போட்டோ எடுப்பார்கள். பிள்ளை கொஞ்சம் நிறமாக இருக்கட்டும் என்று பத்து நாளாகக் காலையில் எலுமிச்சம்பழத்தை வெட்டி மூஞ்சி, கை, கழுத்தெல்லாம் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, அப்படியே வேன் ஏற்றியிருக்கிறாள்.

"அந்தச் சாறு தோல்ல இருக்கும்போது வெயிலு பட்டா இப்பிடித்தான் பொத்துடும்" என்றாள் இலக்கியா. "ரெண்டு பக்கமும்தான் தேச்சிருக்கீங்க. வெயிலு ஜாஸ்தி அடிச்ச பக்கம் மட்டும் போட்டுருக்கு. பெரியவங்களுக்கே இப்பிடி ஆவும். சின்னப் புள்ளைங்க தோலு இன்னும் மெல்லிசு. கொப்புளத்த ஒடைக்காதீங்க, மருந்து தரேன். ஆறுற வரைக்கும் வெயிலே படக் கூடாது. அப்பறமும் முழுக்கைச் சட்டை, தொப்பி. கறுப்பா அடையாளம் இருக்கும், மறைய ரெண்டு மூணு மாசம் ஆவலாம்."

"ரெண்டு மூணு மாசமா?" என்றாள் ராசம்மாள். வேனில் திரும்பும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது, "நீ சீட்டு போட்ட, நான் பழம் போட்டேன்" என்றாள். சௌந்தரம் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

மறுநாள் ராசம்மாள் தண்ணி ஊற்றாமல் விடவில்லை. ஆத்தா என்று சொல்லி வேப்பிலை கட்டியாகிவிட்டது, சும்மா அவிழ்க்க முடியாது. ஆனால் அண்டா வாசலுக்கு வரவில்லை. உள்ளே வெயில் படாத அங்கணத்தில், பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து, காலில் மட்டும் மூன்று சொம்பு பச்சைத் தண்ணி ஊற்றி, கும்பிட்டுவிட்டு வேப்பிலையை அவிழ்த்தாள்.

சௌந்தரம் பள்ளிக்கூடத்துக்குத் தானே போய்ச் சொன்னாள். பெரிய டீச்சர் ஒரு பாட்டம் திட்டினார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னார். வேலை தப்பியது. அன்றைக்கே அவள் வேனில் புதுச் சட்டம் போட்டாள். பிள்ளைகள் எல்லாம் வலது பக்கமும் நடுவிலும். இடது ஜன்னல் ஓரம் முழுக்கப் புத்தகப் பைகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர் மாதிரி. தொப்பி தலையில் இருந்தால்தான் வண்டி நகரும்.

"அக்கா, வண்டி ஒரு பக்கமா சாயப் போவுது" என்றான் மணவாளன்.

"சாஞ்சா நிமுத்து. நீதான டிரைவரு."

"பின்னால ஒண்ணும் தெரியலக்கா, எடது பக்கம்."

"கண்ணாடியப் பாரு. அதுக்குத்தான மாட்டி வச்சிருக்க."

பன்னிரண்டு நாள் கழித்துச் சிந்துஜா வந்தாள். முழுக்கைச் சட்டை, தாடையில் கட்டின தொப்பி. கொப்புளம் காய்ந்து, கன்னத்தில் கறுப்பாகத் தடம் நின்றிருந்தது. ராசம்மாள் பையைக் கொடுத்தாள், தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள், பிறகு தலையை உள்ளே விட்டுச் சீட்டைப் பார்த்தாள்.

"எங்க ஒக்கார வைக்கிற?"

"வந்து பாருக்கா. வலது பக்கம், உள்ள தள்ளி."

பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. "எனக்கு என் ஜன்னலு வேணும்."

"அங்க பையி ஒக்காந்துருக்கு."

"பைக்கு வெயிலு அடிக்காதா?"

"அடிக்கும். அதுக்குத் தோலு கெட்டி" என்று சொல்லி, சௌந்தரம் அவளைத் தூக்கி வலது பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.