மைக் இல்லாமல் ஒரு பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தேன். திருடன் யாரும் இல்லை. சேறு.

தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் மைதானத்தில் இசை விழா. மத்தியானம் தொடங்கி ஏழு குழுக்கள். முந்தின நாள் மழையில் மைதானம் நாற்று நடுகிற பதத்தில் இருந்தது. “திறந்தவெளிக் கச்சேரிக்குச் சலவை வேட்டியா?” என்று, கூடக் கிளம்பிய மனைவி கேட்டபோதே யோசித்திருக்க வேண்டும். யோசித்தேனா?

வலது செருப்பு உள்ளே போய்விட்டது. குனிந்து துழாவினேன்... முழங்கை வரை சேறுதான் மிச்சம்.

“இன்னொன்னையும் உட்ருங்க சார். ஒத்தச் செருப்ப வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

பெயர் அந்தோணி. லேத் ஆபரேட்டர். கையில் மடக்கிய குடை. பாட்டுக் கேட்க வரவில்லையாம்.

“நம்ம ஊட்டுக்காரம்மா மேடை ஏறுது. வேணான்னேன். நாலு பேர் சிரிப்பாங்கன்னேன். கேக்கல. மழ வர்றதுக்குள்ள கூட்டிகினு பூடலாம்னு நிக்கிறேன்.”

அவர் மனைவி பிலோமினா, ராணுவ உடை தைப்பவர். கூட வேலை செய்யும் ஒன்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் மூன்று மாதம் பழகியிருக்கிறார். எல்லோருக்கும் இதுதான் முதல் மேடை.

அவர்கள் ஏறி நின்றார்கள். மழையும் வந்தது.

ஒயர் எல்லாம் நனைகிறது, யாருக்காவது ஷாக் அடித்தால்? விழாக்காரர்கள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கீபோர்டுக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் அந்தோணி. சொன்னது பலித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

“இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா” என்றார் விழாக்காரர்.

“மைக்குதானேண்ணா போச்சு. நாங்க கீறோமே” என்றார் பிலோமினா.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பத்துப் பேரும் கணுக்கால் புதைய நடந்து, மைதானத்தின் நடுவில் வட்டமாக நின்றார்கள்.

பாடினார்கள்.

எப்படிச் சொல்வது? நாலைந்து குரல்கள் தரையோடு போயின. மற்றவை அவற்றின் மேல் ஏறிக்கொண்டன. பிறகு எல்லாம் அடங்க, பிலோமினாவின் குரல் மட்டும் தனியே எழுந்தது. மைக் இல்லை, தாளம் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்டது! கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். குடைகளை மடக்கினார்கள், துணியில் மழை விழும் சத்தம் கூட இடைஞ்சலாம். பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கிறதே என்று முன்வரிசை அப்படியே சேற்றில் உட்கார்ந்தது. சலவை வேட்டியோடு நானும்தான்.

எத்தனையோ சபாக்களில் ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படிச் சிலிர்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. பிறகு தட்டிய தட்டல்... அதை எழுத எனக்குத் தெரியாது.

அந்தோணி தட்டவில்லை. நனைந்தபடி நின்றார்.

“அடுப்பாண்ட எதுனா முணுமுணுத்துகினே இருக்கும் சார். நான் ரேடியோ சவுண்ட ஏத்தி வைப்பேன்” என்றார், என்னைப் பார்க்காமல்.

பிறகு சேற்றில் இறங்கிப் போய், மனைவியின் தலைக்கு மேல் குடையை விரித்தார்.

“ஊட்டுக்குப் போலாமா?” என்று பிலோமினா கேட்டார். கணவர் எதற்காக வந்து நின்றார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

“இன்னொன்னு பாடேன். கேட்டுட்டுப் போலாம்.”

பாடினார்.

பூந்தமல்லி பஸ்ஸில் வெறுங்காலோடு, பாதி வேட்டி செம்மண் நிறத்தில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெதுவாக அவளிடம் கேட்டேன்: “உனக்குப் பாட வருமா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஸ்கூல்ல மூணு வருஷம் முதல் பரிசு. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு... இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?”

நான் மாட்டிக்கொண்டேன். நீங்களும் மாட்டுகிறீர்களா என்று, இன்றைக்கே உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.