இண்டூர் சமையலறைக்கு நிறம் பார்த்த கதை

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் டின் பெயிண்ட் தர்மபுரிக் கடைகளுக்கு வருவதே அபூர்வம். சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, காவி, நீலம், பச்சை என்று பொடி கலந்துதான் அடிப்போம். இண்டூர் சின்னசாமி வீட்டு வேலை அப்போது வந்ததுதான். மகன் கல்யாணத்துக்கு முன் சமையலறையைப் புதுசாக்க வேண்டும் என்றார். சுவர் முழுக்கப் புகைக்கரி. அதைச் சுரண்டிக் கழுவவே ஒரு நாள் போயிற்று.

மறுநாள் காலை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் முழ அகலத்துக்கு நாலு மாதிரி அடித்தேன். வெள்ளை, மஞ்சள், இளநீலம், பச்சை.

"பச்சையே போடுங்க மேஸ்திரி. கரி தெரியாது. எதுக்கும் அவளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னசாமி கொல்லைக்குப் போனார்.

அவர் மனைவி மாதம்மாள் ராகி மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எது புடிச்சிருக்குதுங்க அக்கா?" என்றேன்.

"அந்த நீலம் நல்லாத்தான் இருக்குது" என்று எழுந்து வந்து சுவரைத் தொட்டார். கை வைத்தது பச்சையில். ஈரம் ஒட்டியது தெரிந்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். முழங்கைக்குக் கீழே சூடுபட்ட தழும்புகள். சில பழசு, ஒன்று இன்னும் ஆறவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது.

"கண்ணுல பொரை உழுந்திருச்சுங்க. அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க" என்றார் அவரே. "மருமவ வர்ற நேரம். தெரிஞ்சா என்னை ஒரு மூலையில குந்த வெச்சிருவாங்க. வந்தவங்களுக்குச் சோறு போட்ட கை இது."

"நான் சொல்லலைங்க அக்கா. ஆனா எந்த நெறத்துல உங்களுக்குப் பண்டம் பாத்திரம் தெரியுதுன்னு பாத்துப்போடலாம்."

கரிச்சட்டியை ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் பிடித்தேன். பச்சைக்கு முன்னால் சட்டி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நீலத்திலும் தடுமாறினார். வெள்ளைக்கு நகர்த்தியதும், "அதோ, சட்டி! வாய்கூடத் தெரியுது" என்று சிரித்தார். அடுப்பு மேடையிலும் வெள்ளை அடித்து, விளிம்பில் நாலு விரல் அகலத்துக்குக் காவிப் பட்டை இழுத்துக் காட்டினேன். மேடை எங்கே முடிகிறது என்று தடவாமலே சொன்னார்.

மத்தியானம் சின்னசாமி வந்தார். "வெள்ளையா? ஒரே மாசத்துல கருத்துப்போவும். என்ன மேஸ்திரி, இதுகூடத் தெரியாதா?"

நான் வாளியைக் கலக்கிக்கொண்டே நின்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று. வாயைத் திறக்கவும் முடியாது, பச்சையை அடிக்கவும் மனசு வராது.

"அவரைத் திட்டாதீங்க" என்றார் மாதம்மாள். "நான்தான் கேட்டேன். எனக்குக் கண்ணு தெரியல."

சின்னசாமி மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெய் தெறிச்சுதுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"எத்தினி நாளா?"

"போன மழைக்காலத்துல இருந்து."

அவர் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். பிறகு என்னிடம், "வெள்ளையே அடிங்க, ரெண்டு கோட்டு" என்றார். மாதம்மாளிடம், "கல்யாணம் ஆவட்டும், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போலாம். அதுவரைக்கும் அடுப்பு உன்னுதுதான். நீ எறக்கி வெக்கச் சொன்னா நான் எறக்கி வெக்கிறேன்" என்றார். கல்யாணப் பந்தலில் ஊரே இருந்தபோதும் அவர் அப்படியே சோற்றுப் பானையைத் தூக்கி இறக்கியதை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்குப் பார்வை வந்தது. அடுத்த பொங்கலுக்குக் கரி ஏறிய சுவருக்கு மறுபடி வெள்ளை அடிக்கக் கூப்பிட்டார்கள். தடித்த கண்ணாடியோடு வாசலுக்கு வந்த மாதம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"வெள்ளையடிக்க வந்திருக்கேனுங்க அக்கா."

"அடடே, குரலைக் கேட்டு வயசான ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்! உள்ள வாங்க, அந்தக் காவிப் பட்டை எவ்வளவு கோணலா போயிருக்குதுன்னு வந்து பாருங்க."

பார்த்தேன். கோணல்தான். நேராக்கிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சமையலறைக்கு நிறம் பார்க்கும்போது அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அங்கே சமைக்கிறவரை அடுப்பருகே நிற்கவைத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அப்புறம் பொடியைக் கலக்கலாம்.