பதினோரு மட்டைகளும் ஒரு மாப் கட்டையும்

மாமா முதன்முதலாக விமானம் ஏறியது ஒரு வியாழக்கிழமை. அன்று காலை வாசலில் வந்து நின்ற வேனுக்குள் ஆள் உயரத்தில் எட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கிடத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தார். எட்டாவது மூட்டை ஏறும்போது அத்தை வெளியே வந்தாள். அவள் கையில் மாப் துணி மட்டும் இருந்தது.

"என்னங்க, இதோட கட்டை எங்க?"

மாமா எட்டாவது மூட்டையைத் தட்டிக் காட்டினார். "உள்ள இருக்கு. நாலே நாள். வந்ததும் குடுத்துடறேன்."

"நாலு நாளும் நான் குனிஞ்சு துடைக்கணுமா?"

"குனிஞ்சு நிமிந்தா முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரு."

"அவரு பல் டாக்டரு!"

மூட்டைகளுக்குள் இருந்தவை கோல்ஃப் மட்டைகள். மாமா கோல்ஃப் ஆடுகிறார் என்றால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குடுவைகள் அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்துநான்கு வருடங்களாகப் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். யாரிடமாவது அறிமுகம் ஆனால், பெயரைச் சொல்வதற்கு முன்பே, "என் டேபிளை விட்டுப் போன சரக்கு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை" என்று சொல்லிவிடுவார். சிலர் பெயரைக் கேட்காமலே போய்விடுவார்கள்.

அந்தக் கம்பெனியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். வாரத்துக்கு நாலைந்து பந்துகள் சுவர் தாண்டி வந்து விழும். மற்றவர்கள் அவற்றை உதைத்து விளையாடுவார்கள். மாமா பொறுக்கிச் சேர்த்தார். அறுபது சேர்ந்ததும் ஒவ்வொரு பந்தையும் மெல்லிய தாளில் சுற்றி, அறை அறையாகத் தடுத்த பெட்டியில் அடுக்கி, 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி ஒட்டி, மைதான அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே நின்றுகொண்டிருந்த பல் டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சுவரில் மோதிக்கூட உடையாத பந்துக்கு இவ்வளவு பாதுகாப்பா என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் பழைய மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ஒரு தடவை அடிச்சுப் பாருங்க" என்றார்.

மாமா அடித்தார். பந்து சுவர் தாண்டி அவருடைய கம்பெனிக்குள்ளேயே விழுந்தது.

அப்படி ஆரம்பித்தது. ஆறு வருடங்களில் பதினோரு மட்டைகள் சேர்ந்தன. பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி. பழைய செட்டுகளிலிருந்து வந்த பதினொன்றும் ஐந்து வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று முகஜாடை கிடையாது.

பல் டாக்டர் தலைமையில் எட்டுப் பேர் வருடத்துக்கு ஒருமுறை விமானத்தில் வெளியூர் போய் நாலு நாள் ஆடிவிட்டு வருவார்கள். இரண்டிரண்டு பேராக நாலு ஜோடி, ஆனால் புள்ளி ஆளுக்குத் தனித்தனி. எட்டில் ஒருவர் குறைந்தால் ஆட்டமே நடக்காது. அந்த வருடம் எட்டாமவரான தலைமையாசிரியர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இனி மைதானம் பக்கம் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். காலியான இடத்துக்கு மாமாவைக் கூப்பிட்ட டாக்டர், "இந்தத் தடவை வாங்க. எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு மேல முடிவு பண்ணிக்கலாம்" என்றாராம். அதே இடத்தின் மேல் எலெக்ட்ரிக் கடைக்காரர் ஒருவருக்கும் கண் இருந்தது. அவர் மாமாவைவிட நன்றாக ஆடுவார். இதை மாமாவே சொன்னார். 

ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்த வேலையில் ஜெயித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். எட்டுப் பேர் பைகளையும் தானே கட்டித் தருவதாக அறிவித்தார்.

நான் அப்போதுதான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். விமானம் ஏறி இறங்கியவள் என்ற ஒரே தகுதியில் என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டார். பக்கத்தில் நோட்டு, காதில் பேனா.

"மட்டைய நாம கூடவே உள்ள கொண்டு போக முடியாதா?"

"விட மாட்டாங்க மாமா. அதை வச்சு யாரையாவது அடிச்சுட்டா?"

"நான் அடிச்சா ஆள் மேல படாது. டாக்டரையே கேட்டுப் பாரு."

புதன்கிழமை மதியம் கூடத்து நாற்காலிகளை எல்லாம் வெளியே தள்ளிவிட்டுப் பைகளை வரிசையாகப் படுக்க வைத்தார். மட்டைத் தலைகளுக்குக் காலுறை மாட்டினார். இடுக்குகளில் துண்டு செருகினார். ஒவ்வொரு பையின் நடுவிலும் மட்டைகளைவிட நாலு விரற்கடை நீளமாக ஒரு கட்டையை நிறுத்தினார். பை தலைகீழாக விழுந்தாலும் அடியைக் கட்டை வாங்கிக்கொள்ளும், மட்டைக் கழுத்து முறியாது என்பது அவர் கணக்கு. கடையில் ஏழு மாப் கட்டைகள்தான் இருந்தன. எட்டாவது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

மற்ற ஏழு பைகளுக்கும் சக்கரம் வைத்த தடித்த உறை இருந்தது. மாமாவின் பைக்கு உறை கிடையாது. அதனால் பபுள் ஷீட்டைச் சுற்றி, அதன் மேல் கம்பெனியில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சுருளைப் பதினோரு சுற்றுச் சுற்றினார். மட்டைக்கு ஒரு சுற்று. வார், கைப்பிடி எல்லாம் உள்ளே போய்விட்டன. முட்டை மாதிரி வழவழவென்று ஆனது. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு லேபிளை எடுத்து நடுவில் ஒட்டினார். 'கண்ணாடி. கவனம்.' அதற்குக் கீழே கம்பெனி முகவரி.

"இது எதுக்கு மாமா? உள்ள கண்ணாடியே இல்லையே!"

"லேபிள் இல்லாம என் கையை விட்டு எதுவும் போனதில்லைம்மா. பழகிடுச்சு."

"சரி, பேரும் ஃபோன் நம்பரும் எழுதி வச்சீங்களா?"

"நீ சொன்ன மாதிரியே வச்சேன். பத்திரமா இருக்கு. பதினோரு சுத்துக்கும் அடியில."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேன். பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

வழியனுப்பும் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் விமான நிலையத்துக்குள் போனேன். நீளமான சாமான்களுக்கென்று தனிக் கவுன்டர். அங்கிருந்த பெண் ஏழு பைகளின் கைப்பிடியிலும் சீட்டை வளையமாகக் கோத்து மாட்டினாள். எட்டாவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சார், இதுல எதுல மாட்டுறது?"

"ஒட்டிடுங்கம்மா, நல்லா ஒட்டும்" என்றார் மாமா, பிளாஸ்டிக் சுருளின் மேல் ஒரு தகப்பனைப் போலத் தடவியபடி.

வரிசையில் பின்னால் நின்ற டிரைவிங் ஸ்கூல்காரர் அந்தக் குழுவின் வாய். மாமாவுக்கு 'பார்சல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "என்ன பார்சல், மட்டைய எல்லாம் இவ்ளோ பத்திரமா கட்டிட்டீங்க, உங்களைக் கட்டாம விட்டுட்டீங்களே! விழுந்துடப் போறீங்க!"

மாமா சிரித்தார். ஆனால் பாதுகாப்புச் சோதனை வாசல்வரை என் கையை விடவில்லை.

மூன்று மணிக்கு என் ஃபோன் அடித்தது.

"ஏம்மா, ஏழு வந்துடுச்சு."

"எட்டாவது?"

"பெல்ட்டு நின்னுடுச்சும்மா. மத்தவங்க பையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு கீறல் இல்லை."

புகார் எழுதிக் கொடுங்கள், தேடித் தருவார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலை அத்தைக்கு மாமாவின் கம்பெனியிலிருந்து அழைப்பு. மாமாவோடு பதினைந்து வருடங்களாக வேலை பார்க்கும் ஸ்டோர் மேற்பார்வையாளர்.

"அக்கா, அவர் இருக்காரா?"

"இல்லையேம்மா, கோல்ஃபாட வெளியூர் போயிருக்காரு."

"அப்படியா? அவர் சரக்கு ஒண்ணு திரும்பி வந்திருக்கு."

சீட்டு உரிந்து விழுந்த மூட்டை விமானம் ஏறவே இல்லை. அங்கே யாரோ ஒரு நல்ல மனிதர் சிவப்பு லேபிளைப் பார்த்திருக்கிறார். கண்ணாடியாயிற்றே என்று பதறி, அலுங்காமல் குலுங்காமல் தனி வண்டியில் அந்த முகவரிக்கே அனுப்பி வைத்திருக்கிறார். கம்பெனியில் திரும்பி வரும் சரக்குக்கென்று ஒரு பதிவேடு உண்டு. மேற்பார்வையாளர் விதியை மீறாதவர். மாமாவின் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'பெறுபவர் முகவரி இல்லை' என்று எழுதியிருந்தார். இருபத்துநான்கு வருடங்களில் அந்தப் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

மூட்டை வீட்டுக்கு வந்ததும் அத்தை கத்தரிக்கோலை எடுத்தாள். பதினோரு சுற்றையும் வெட்டினாள். மட்டைகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நடுவிலிருந்த கட்டையை உருவினாள்.

"நாலு நாள்னாரு. ரெண்டே நாள்ல வந்துடுச்சு பாரேன்" என்று சொல்லிவிட்டு வீடு முழுக்கத் துடைத்தாள்.

அங்கே மாமா எப்படி ஆடினார் என்பதை அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை இரவு அவரைக் கொண்டுவந்து விட்ட டிரைவிங் ஸ்கூல்காரர்தான் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நடித்தே காட்டினார். மைதானத்தில் வாடகைக்கு மட்டைகள் கிடைத்திருக்கும். ஆனால் ஏழு பேரும் ஆளுக்கு ஒன்றிரண்டு மட்டை எடுத்து நீட்டினார்களாம்.

"நான் சட்டம் பேசுனேங்க. ஒருத்தர் மட்டைய இன்னொருத்தர் வாங்கி ஆடக் கூடாது. டாக்டர் என்னை முறைச்ச முறைப்புல என் கடவாப் பல்லு கூசிச்சு. அப்புறம் என்ன, நீள அடிக்கு என்கிட்ட வருவாரு, குட்டை அடிக்கு டாக்டர்கிட்ட ஓடுவாரு, குழிகிட்ட வந்ததும் இன்னொருத்தரத் தேடுவாரு. நாலு நாளும் எட்டுப் பேரும் ஒண்ணாவேதான் நடந்தோம். தனித்தனியாப் போனா பார்சலுக்கு மட்டை யாரு தருவா?"

"அவரு எத்தனாவதா வந்தாரு?" என்றாள் அத்தை.

"ஏழாவது."

"அப்போ எட்டாவது?"

டிரைவிங் ஸ்கூல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

குழுவில் அந்த எட்டாவது ஆள் இனி யார் என்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் மைதானத்துக்குப் போய்வருவார். டாக்டரும் எலெக்ட்ரிக் கடைக்காரரும் சேர்ந்து ஆடியதை ஒருநாள் பார்த்திருக்கிறார். "நல்லா ஆடுறாரு அந்த மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிழிந்த பபுள் ஷீட்டை மடிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் மடித்தார். கம்பெனியில் யாரிடம் அறிமுகமானாலும் இப்போதெல்லாம் பெயரைத்தான் முதலில் சொல்கிறாராம். "ஏதோ காய்ச்சல் போலிருக்கு" என்று அத்தை கவலைப்பட்டாள்.

இடையில் நான் ஒருமுறை கிளம்பிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டேன். பத்து மாதங்கள் ஓடியிருந்தன. மாமாவின் ஃபோன் சாப்பாட்டு மேஜையில், தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அத்தை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களே ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாய்ல முத்தா உதிரும்?"

"கூப்பிடணும்னா கூப்பிடுவாங்க. நான் போய் என்னத்த கேக்குறது? போன தடவை என் பையத் தேடியே அவங்களுக்குப் பாதி நாள் போச்சு."

"ஏழு பை முழுசாப் போய்ச் சேந்துச்சே, அது யாராலயாம்?"

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தார்; ஃபோன் அதன் பையில் இருந்தது. ஈரத்தில் முங்குவதற்கு ஒரு நொடி முன்பு அது சத்தம் போட்டதால் பிழைத்தது. அத்தை எடுத்துவந்து நீட்டினாள். மாமா கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில் இருந்தது. அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டதால் நான் வாங்கி மூன்று பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பல் டாக்டர் அனுப்பியிருந்தார்:

"அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி கிளம்புறோம். எட்டு டிக்கெட் போட்டாச்சு, உங்களையும் சேர்த்துத்தான். மத்த ஏழு பையும் வழக்கம்போல உங்க வீட்டுக்கு வந்துடும். உங்க பைய மட்டும் என் கிளினிக்குக்கு அனுப்புங்க, அதை நான் கட்டுறேன். வீட்டம்மா கட்டை வேண்டாம், நானே ஒண்ணு வாங்கிட்டேன்."